ஹப்பில் ‘52 3’, செயின்வீலில் நாரை: பழைய சைக்கிள் பாகங்களை எப்படிப் படிப்பது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் உங்கள் பெரியப்பாவின் வீட்டைத் துப்புரவு செய்தபோது ஒரு சாக்கில் நான்கு சைக்கிள் பாகங்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, ‘ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., 52 3’ என்று பொறித்த பின் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுக்குடம். அடுத்தது பறவைத் தலைகள் வெட்டிய செயின்வீல் (பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரம்), பெடலைத் தாங்கும் வலது கிராங்க்கோடு. மூன்றாவது, பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங் வைத்த புரூக்ஸ் தோல் சீட். நான்காவது, டப்பா மாதிரி பெருத்த முன் ஹப்; அதில் ‘ஜி.எச்.6’ என்று இருக்கிறது. எவ்வளவு பெறும், எதைப் போட்டுத் துலக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இது நாலும் பெரியப்பா ஓடின சைக்கிள்தானோ?” எனக்கென்னவோ அதுதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. விலையும் பாலிஷும் அதற்கு அப்புறம்தான் வரும்.

நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். பழைய சைக்கிள் பாகங்கள் சேர்ப்பது வேலைக்கு வெளியே பிடித்துக்கொண்ட பழக்கம். இரும்பு, மரை, பல், தேய்மானம் பற்றிச் சொல்வதை நம்பலாம். தோல் விஷயத்தில் அவ்வளவு அழுத்தமாகப் பேச மாட்டேன். இன்னொன்று, நீங்கள் போட்டிருக்கும் படங்களை வைத்து மேற்பரப்பைத்தான் சொல்ல முடியும். உள்ளே பல் உடைந்திருக்கிறதா, கிராங்க்கில் விரிசல் ஓடியிருக்கிறதா என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏ.டபிள்யூ. என்பது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இரண்டு பேரின் வடிவமைப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ராலே சைக்கிளின் முதலாளி ஃபிராங்க் பௌடன் 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கிய தொழில் அது. ஏ.டபிள்யூ. மாடல் 1930களின் நடுவில் வந்தது, பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஹப்புகளில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்தது மாதம். ஆகவே உங்களுடையது 1952 மார்ச். போருக்கு முந்தியவற்றில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருக்கும். ‘8’ என்றால் 1938. அதைப் பார்த்துவிட்டு மாதம் என்று நினைப்பவர்கள் உண்டு.

இந்த எண் எதற்குச் சாட்சி என்பதில்தான் கவனம் வேண்டும். ஹப்பின் வெளிக்கூடு 1952 மார்ச்சில் தயாரானது, அவ்வளவுதான். வண்டி அந்த வருடத்தது என்று அது சொல்லவில்லை. சக்கரம் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள்கூட வேறு ஹப்பிலிருந்து வந்திருக்கலாம், ஏனென்றால் ஏ.டபிள்யூ.வின் உள்பாகங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரியே தயாரானவை. ‘1952 ராலே’ என்று ஹப்பை மட்டும் காட்டி விற்கப்படும் வண்டிகளை நான் பாதிதான் நம்புவேன்.

அதுவும் யாழ்ப்பாணம் என்றால் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அந்த மண்ணில் சைக்கிள் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடையாது, பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டதை அங்கிருந்து வந்தவர்கள் எல்லாருமே சொல்வார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வண்டி ஓட வேண்டுமென்றால் இன்னொரு வண்டியின் பாகம்தான் கைகொடுக்கும். ஹம்பர், ராலே, ரட்ஜ் எல்லாம் பிரிட்டிஷ் சைக்கிள் பெயர்கள்; ஹம்பரின் ஃபோர்க்கும் ராலேயின் பாடியும் (சட்டகமும்) ரட்ஜின் செயின்வீலும் ஒரே வண்டியில் இருப்பதை அங்கே கலப்படம் என்று சொல்ல மாட்டேன், அதுதான் அந்த வண்டியின் சரித்திரம். ஆகவே ஒரே சாக்கில் கிடந்ததை மட்டும் வைத்து நான்கும் ஒரே வண்டி என்று முடிவு கட்ட முடியாது. ஒரு வீட்டில் பல வருடமாகச் சேர்ந்த உதிரிகளாகவும் இருக்கலாம்.

ஆனால் அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உங்களிடமே இருக்கிறது. ஜி.எச்.6 என்பது டைனோஹப், அதாவது முன் ஹப்புக்குள்ளேயே வைத்த டைனமோ. அதுவும் ஸ்டர்மி ஆர்ச்சர் தயாரிப்புதான், போருக்குப் பிறகு வந்த 6 வோல்ட் மாடல். அதன் கூட்டிலும் ஆண்டு, மாதம் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு. படத்தில் அந்த இடம் கிரீஸும் மண்ணுமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. அங்கேயும் 52 என்றோ 51இன் கடைசி மாதங்கள் என்றோ இருந்தால், இரண்டு ஹப்பும் ஒரே வண்டியோடு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டவை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்காது. ஸ்போக் துளைகளையும் எண்ணுங்கள். அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன் ஹப்புக்கு 32, பின் ஹப்புக்கு 40. ஏ.டபிள்யூ.வில் 36 துளை இருந்தால் அது பெரும்பாலும் வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரானது, கதையே மாறிவிடும்.

அடுத்து செயின்வீல். பறவைத் தலை என்று எழுதியிருப்பது நாரை, ராலேயின் சின்னம். அன்றைய பிரிட்டிஷ் கம்பெனிகளின் ஒரு அழகு இது, செயின்வீலைப் பார்த்தே வண்டியின் பெயரைச் சொல்லிவிடலாம். ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள், ரட்ஜில் ஒரு கை, பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்துகளே. பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனி என்பதால் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகளும் உண்டு. எனக்கு அண்மையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு ஹம்பர் செயின்வீல் கிடைத்தது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டும் அலங்காரத் தட்டு என்று நினைத்திருந்தார், விலையும் தட்டு விலைதான். ஐந்து பேரில் ஒருவருக்குக் கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது. நிமிர்த்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

நாரையைப் பார்த்ததும் நாட்டிங்ஹாம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. 1950களில் வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை இதே பெயரில் வண்டிகள் தயாரித்தது. இலங்கைக்கு இங்கிலாந்து வண்டிகள் நேரடியாகவே வந்து இறங்கியதால் உங்களுடையது இங்கிலாந்திலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே. கிராங்க்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்து என்ற பொறிப்பு இருந்தால் ஊகத்துக்கு வேலையே இல்லை. ராலே 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் வாங்கிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 1950களில் இந்த மூன்று பெயரிலும் வந்த வண்டிகள் ஒரே குடும்பம், பாகங்கள் மாறி மாறிப் பொருந்தும். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் அந்தக் கலவை அவ்வளவு எளிதாக நடந்தது.

இந்தப் பொருத்தத்துக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. புதிதாகச் சேர்க்க வருபவர்கள் காசை இழப்பது அங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகளில் பெடல் அச்சு உட்காரும் கப்பின் மரை அங்குலத்துக்கு 24. ராலே தன் வண்டிகளுக்கு 26 மரை வைத்தது. விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 1⅜ அங்குலம். அதனால் 24 மரைக் கப்பை ராலே பாடிக்குள் கொடுத்தால் முதல் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று சாதுவாக ஏறும். அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து நீளமான ஸ்பானர் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் பாடியின் மரையே போய்விடும். பாடி போனால் மீதி எல்லாம் உதிரிதான். ஹேண்டில் பக்கத்துக் கப்புகளிலும் இதே 26 மரைதான். மரை அளக்கும் கேஜ் பெரிய விலையில்லை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மெட்ரிக் கேஜ் அல்ல, அங்குலக் கேஜ் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணலாம்தான், ஆனால் 24க்கும் 26க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க வயது இடம் கொடுக்க வேண்டும்.

மரையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. செயின்வீல் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, வழக்கத்துக்கு நேர்மாறாகச் சுற்றினால்தான் கழலும். இடது பெடலுக்கும் அப்படியே. சைக்கிள் கடைக்காரர்கள் தூக்கத்தில்கூட இதைச் சொல்வார்கள், ஆனால் வீட்டில் கழற்றுகிறவர்கள் எதிர்ப்பக்கம் அழுத்திச் சுற்றி அதை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள்.

உங்கள் கிராங்க்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு ஆணி இல்லை, துளை மட்டும் இருக்கிறது. அதற்கு 9.5 மில்லிமீட்டர் காட்டர் பின் வேண்டும். 9 மில்லிமீட்டரும் சந்தையில் உண்டு. அது துளைக்குள் போகும், இறுகவும் இறுகும், கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஆட ஆரம்பிக்கும், அப்புறம் துளை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். வெர்னியர் காலிப்பரால் துளையை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கிராங்க் நல்லது. பல்லையும் பாருங்கள். செயின் இழுக்கும் பக்கம் பல் கொக்கி மாதிரி சாய்ந்திருந்தால் அதை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பல் கூர்மையாகத் தெரிகிறது, ஆனால் நிழலும் அப்படித் தெரியும்.

இனி ஹப் வேலை செய்யுமா என்பது. சக்கரம் கட்டாமலே இதைச் சோதிக்கலாம். ஏ.டபிள்யூ.வுக்குள் ஆக்ஸிலோடு சேர்ந்த 20 பல் நடுச்சக்கரம் ஒன்று, அதைச் சுற்றி நான்கு சின்னச் சக்கரங்கள், வெளியே 60 பல் வளையம். மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும், கீழ் கியரில் நான்கில் ஒரு பங்கு குறையும். ஆக்ஸிலின் வலது முனைத் துளை வழியாக வரும் சின்னச் சங்கிலியை இழுக்காமல் விட்டால் ஹப் மேல் கியரில் நிற்கும். ஆக்ஸிலை வைஸில் பிடித்துக்கொண்டு, செயின் ஏறும் பல்வீலை முன்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கூடு நான்கு சுற்று வர வேண்டும். சங்கிலியைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான்கு சுற்றுச் சுற்றினால் கூடு மூன்று சுற்று வர வேண்டும். இரண்டும் சரியாக வந்து, சுற்றை நிறுத்தும்போது டிக் டிக் என்று ஓசையும் கேட்டால் உள்ளே பெரும்பாலும் எல்லாம் நலம். உங்கள் ஹப்பில் அந்தச் சங்கிலி இல்லையென்றால் மேல் கியர் ஒன்றைத்தான் சோதிக்க முடியும்.

சுற்றவே மாட்டேன் என்கிறதா? அதற்காக ‘ஜாம்’ என்று தள்ளிவிடாதீர்கள். இந்த ஹப்புகளுக்கு எண்ணெய்தான் உயிர். கூட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதன் வழியே எண்ணெய் விடத்தான் அது. ஆனால் பழுது பார்த்தவர்கள் பலர் உள்ளே கிரீஸை அடைத்துவிடுவார்கள். பால்ரஸுக்குக் கிரீஸ் நல்லதுதான். உள்ளே கூட்டைப் பிடித்துத் தள்ளும் சின்ன நாக்குகளுக்கு அது எமன். காய்ந்த கிரீஸில் நாக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது, பெடல் வெறுமனே சுற்றும். மண்ணெண்ணெயை உள்ளே விட்டு இரவு முழுக்க வைத்து, மறுநாள் வடித்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைவிடக் கொஞ்சம் கெட்டியான மெல்லிய எண்ணெய் விடுங்கள். செத்துப்போனது என்று எனக்குக் கொடுக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இந்த வைத்தியத்திலேயே பிழைத்தன. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.டபிள்யூ.வில் நடு கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சரியாக அமையவில்லையென்றால் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் சடாரென்று கீழே போகும். அது தேய்மானம் இல்லை, அளவுப் பிழை. நடு கியரில் வைத்து, வலது பக்க நட்டின் ஓட்டை வழியே பார்த்தால், சங்கிலி கோத்திருக்கும் கம்பியின் விளிம்பு ஆக்ஸிலின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அமைக்கும் முறை.

டைனோஹப்பை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளே ஒரு காந்த வளையம், அதற்கு நடுவில் சுருள். அந்தக் காலத்துக் காந்தத்தைச் சுருளின் இரும்பிலிருந்து வெளியே உருவினால் காந்தசக்தியில் பெரும்பகுதி உடனே போய்விடும், திரும்பச் சேர்த்து வைத்தாலும் வராது. விளக்கு எரிந்துகொண்டிருந்த ஹப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரித்து மங்கலாக்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், உருவும்போதே அந்த இடத்தில் இன்னொரு இரும்பு வளையம் நுழைகிற மாதிரி செய்துதான் கழற்றுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளிலும் தொட்டு, ஹப்பைக் கையால் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். முள்ளோ எண்ணோ அசைந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. எத்தனை வோல்ட் என்பது கையால் சுற்றும்போது பெரிய விஷயமில்லை. பின்னால் எல்.இ.டி. விளக்கு மாட்டும் எண்ணம் இருந்தால், இது மாறுமின்சாரம் தருவது என்பதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

சீட் விஷயத்துக்கு வருவோம். புரூக்ஸ் 1866இலிருந்து வரும் பர்மிங்ஹாம் பெயர். பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங் என்றால் பி.66 ஆக இருக்கலாம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக் வைத்த கனமான ரோட்ஸ்டர்களில், அதாவது அன்றாடம் ஓட்டும் பெரிய வண்டிகளில், அதிகம் வந்த சீட். சுருள் இல்லாமல் கம்பியை வளையமாக வளைத்திருந்தால் பி.72, அது பெரும்பாலும் இலேசான வண்டிகளுக்கு. தோலின் பக்கவாட்டுப் பொறிப்பும் பின்தகடும் பெயரை உறுதி செய்யும். ஆனால் சீட்டை வைத்து வண்டியை அடையாளம் சொல்ல முயலவே மாட்டேன். ஒரு வண்டியில் முதலில் மாற்றப்படுவது சீட்தான். தோலைப் பொறுத்தவரை, மேலே மயிரிழைக் கோடுகள் இருந்தால் பரவாயில்லை. ஆணி அடித்த இடங்களில் கிழிசல் தொடங்கியிருந்தால் உட்கார வேண்டாம். நம் வீடுகளில் காய்ந்த தோலைப் பார்த்தால் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். எண்ணெயில் ஊறினால் தோல் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும், அதற்கப்புறம் மூக்கடியில் இருக்கும் திருகை இறுக்கினாலும் நிமிராது. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, சீட்டுக்கென்று விற்கும் மெழுகுப் பசையை மேலே ஒருமுறை, அடியில் ஒருமுறை மெல்லியதாகத் தடவினால் போதும் என்பது என் வழக்கம். தோல் வேலை தெரிந்தவர் யாராவது வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

துலக்குவதைப் பற்றி. முதலில் படம் எடுங்கள், எல்லா எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு முன் எதையும் தேய்க்காதீர்கள். எமரித் தாளும் கம்பிப் பிரஷும் துருவோடு சேர்த்துப் பொறிப்பையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த ‘52 3’ தேய்ந்துபோனால் உங்கள் கையில் இருப்பது வயது தெரியாத ஒரு ஹப். அப்புறம், பூச்சு எது என்று பாருங்கள். இலேசான மஞ்சள் சாயல் அடித்தால் நிக்கல், நீலச் சாயல் அடித்தால் குரோமியம். 1930 வாக்கில்தான் சைக்கிள்களில் குரோமியம் பரவியது. உலகப் போர்க் காலத்தில் பூச்சுக்கே தட்டுப்பாடு என்பதால் கறுப்புப் பெயிண்ட் அடித்த பாகங்கள் வந்தன. அப்படி ஒன்று கிடைத்தால் யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று சுரண்டிவிடாதீர்கள், அதுதான் அதன் அசல் கோலம்.

குரோமியத்தின் மேல் துரு இருந்தால் ஆக்ஸாலிக் ஆசிட் நன்றாக வேலை செய்யும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பாகத்தை முழுகவிட்டு, அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். கழுவும்போது கொஞ்சம் சோடா உப்புக் கரைசலில் முக்கி எடுத்து, உடனே வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசிவிடுங்கள். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாளியை மூடாமல் விடாதீர்கள். துத்தநாகம் பூசிய ஸ்போக்கை அதில் போட்டால் பூச்சே கரைந்துவிடும், அலுமினியமும் கறுக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகில் அது உள்ளே புகுந்து, பின்னால் ஒருநாள் பாரம் ஏறும்போது உடைய வைக்கும். ஹப்பை எந்தக் கரைசலிலும் முழுக்க வேண்டாம், வெளியே மட்டும் துணியால் துடைத்தால் போதும். புளி போட்டுத் தேய்ப்பது பூச்சில்லாத பித்தளை மணிக்கும் விளக்குக்கும் சரி, அதோடு நிற்கட்டும்.

பழைய விளக்குகள் கிடைத்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கீழே கேட்டிருந்தார். லூகாஸ் கம்பெனியின் ‘கிங் ஆஃப் தி ரோட்’ போன்ற கார்பைடு விளக்குகள் பார்க்க அழகு. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே இருக்கும் கால்சியம் கார்பைடில் விழுந்து, அசிட்டிலின் வாயு எழும்பி எரியும். மாம்பழம் பழுக்கவைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அதே கல். ஆண்டுக்கணக்கில் கிடந்த விளக்கில் பற்றவைத்துப் பார்க்காதீர்கள், அந்த வாயு எந்த விரிசல் வழியாக வருகிறது என்று முகத்துக்கு நேரேதான் தெரியவரும். இந்த விளக்குகளில் புதிதாகச் செய்த நகல்கள் நிறையப் புழங்குகின்றன. எழுத்தின் ஓரம் மழுங்கி, திருகுகள் மெட்ரிக் மரையில் இருந்தால் நகல் என்றே வைத்துக்கொள்வேன்.

விலை. ரூபாயில் ஒரு எண் சொல்லச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள், சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர், வாங்குபவரின் ஆசைக்கு ஆசை அது மாறும். ஆனால் எது கூடும், எது குறையும் என்பது தெரியும். போருக்குப் பிந்திய ஏ.டபிள்யூ. ஹப் லட்சக்கணக்கில் வெளிவந்த பொருள். 1950களின் தொடக்கத்தில் ராலே மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் தயாரித்தது. அதனால் பழையது என்பதற்காகவே அரிதாகிவிடாது. போருக்கு முந்திய ஒற்றை இலக்க ஹப், பெட்டி பிரிக்காத உதிரி, காந்தசக்தி குறையாத டைனோஹப், இவற்றுக்குத் தேடி வருவார்கள். உங்களிடம் இருப்பதில் நான் முதலில் கையில் எடுப்பது டைனோஹப்பைத்தான். இரண்டு ஹப்பும் ஒரே ஆண்டு என்று நிரூபணமானால் ஜோடியாக வையுங்கள், தனித்தனியாக விற்றால் இரண்டுக்கும் மதிப்புக் குறையும். உதிரிக்காக முழு வண்டியைப் பிரிக்கச் சொல்லி யாராவது நல்ல விலை பேசினாலும் கொடுக்காதீர்கள். முழு வண்டிகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

வண்டியாகக் கட்ட முடியுமா என்றால், முடியும், ஒரு நிபந்தனையோடு. பெரியப்பாவின் பாடி கிடைத்தால் அதே வண்டி. கிடைக்காவிட்டால், அவருடைய பாகங்கள் போட்ட இன்னொரு வண்டி. பாடியைத் தேடும்போது ஃபோர்க்கின் தோளைப் பாருங்கள். ராலேயில் இரண்டு பக்கமும் குரோமியக் குமிழ் மாதிரி மூடிகள் இருக்கும். சீட் குழாய் சேரும் இடத்தில் எண் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவர்களை நம்பாதீர்கள். ராலே ஒரே ஒழுங்கில் எண் போட்டதில்லை, ஹப் தேதிதான் அதைவிட நல்ல சாட்சி. ரிம் பிரச்சினை நம் பக்கத்தில் இல்லை. 28 × 1½ அளவில், 32க்கு 40 துளை வைத்த ரிம்களும் டயர்களும் இந்தியாவில் இன்னும் தயாராகின்றன, பிரிட்டனில் சேர்ப்பவர்களே இங்கிருந்து வரவழைக்கிறார்கள். கம்பி பிரேக் போடுவதென்றால் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பதற்கென்று ஓரம் தட்டையாக வளைந்த ரிம்மாகக் கேளுங்கள்.

கியர் சங்கிலி இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 2000இல் ஸ்டர்மி ஆர்ச்சரைத் தைவானின் சன் ரேஸ் வாங்கியது, அந்தச் சங்கிலி இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. வாங்கப் போகும் முன் ஆக்ஸிலை முனைக்கு முனை அளந்துகொண்டு போங்கள். 5¾ அங்குலம், 6¼ அங்குலம் என்று இரண்டு வகை உண்டு, சங்கிலியும் அதற்கேற்ப நீளம் மாறும். டைனோஹப்பைத் துடைத்ததும் அந்த எண்ணைப் படத்தோடு போடுங்கள், மேலே சொன்ன ஊகங்களில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்த்துவிடலாம்.